குதிர் காலி

"ஒருநாள் விட்டு ஒருநாள், ஒன்னு போட்டாப் போதும்" என்று அந்த டாக்டரம்மா சொன்னபோது எனக்கு நிம்மதி வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. மூன்று மாதமாகக் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று இரும்புச்சத்து மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தேன். வாயில் எந்நேரமும் துருப்பிடித்த ஆணியைச் சப்பிய ருசி, வயிறு கல் மாதிரி, காலைக்கடன் ஒரு தனிப் போராட்டம், போனாலும் தார் ரோடு மாதிரி கறுப்பு. இத்தனையும் சகித்துக்கொண்டு போய் ரத்தம் கொடுத்துப் பார்த்தால், உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 7-லிருந்து 13-க்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். சரி, டோஸை ஏற்றுவார்கள், இல்லையென்றால் ஊசி போடுவார்கள் என்று நினைத்துப் போனவளுக்கு அவர் நாலில் ஒரு பங்காகக் குறைத்து எழுதிக் கொடுக்கிறார். நான் மளிகை மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கணக்குப் பார்ப்பவள். நாற்பது மூட்டை போதவில்லை என்று சொல்பவனிடம் பத்து மூட்டையை அனுப்பிவிட்டு "இதுதான் உனக்குக் கட்டும்" என்று சொன்ன மாதிரி இருந்தது.

அந்த எரிச்சல் அன்றைக்கே போய்விடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கிளறிக் கிளறிப் படித்து, பாதி புரிந்து, மறுபடி குழம்பி, ஒரு வருஷம் போல ஆனது. அதைத்தான் இங்கே கொட்டுகிறேன். யாருக்கும் மருந்து சொல்வதற்கு இல்லை, என் கணக்கு எனக்கே நேராகவேண்டும் என்பதற்காக.

ஆரம்பம் பச்சரிசியில். வேலை முடிந்து வந்ததும் கை தானாக அரிசி டப்பாவுக்குப் போகும். முதலில் ஒரு பிடி, அப்புறம் அரை டம்ளர், அப்புறம் யாருக்கும் தெரியாமல் தாவணிப் பெண் மாதிரி கதவுக்குப் பின்னால் நின்று மெல்லும் அளவுக்குப் போய்விட்டது. அம்மா ஒருநாள் பார்த்துவிட்டு, "அரிசியத் தின்னாதடி, கல்யாணத்துல மழை கொட்டும்" என்றார். எனக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருஷமாகிறது, இனிமேல் யார் கல்யாணத்தில் கொட்டும் என்று கேட்டேன். சிரித்தோம். அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று அப்போது தெரியாது. பச்சரிசி, மண், சாம்பல், சிலேட்டுக் குச்சி, ஐஸ்கட்டி என்று கண்டதையும் மெல்லத் தோன்றுவது இரும்பு குறைந்ததற்கான பழைய அடையாளங்களில் ஒன்று. கடையில் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கியதும், சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்ததும் சேர்ந்துகொண்டபோதுதான் பரிசோதனைக்குப் போனேன். ஹீமோகுளோபின் 11.6. முதலில் பார்த்த டாக்டர், "லேசாத்தான் கம்மி" என்று சொல்லி மாத்திரை எழுதினார். சைவமா அசைவமா என்று மட்டும் கேட்டார். அதே தாளில் இரண்டு வரி கீழே ஃபெரிட்டின் 7 என்று இருந்தது. அதை அவரும் பார்க்கவில்லை, எனக்கும் அது என்னவென்று தெரியாது.

குதிரும் உலையும்

மன்னார்குடிப் பக்கம் எங்கள் தாத்தா வீட்டில் ஒரு குதிர் இருந்தது. மண் உறைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் சாணி மெழுகியது, என்னைவிட உயரம். அடியில் ஒரு ஓட்டை, அதில் துணி அடைத்திருக்கும். துணியை உருவினால் நெல் கொட்டும், திரும்ப அடைத்துவிடுவார்கள். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. பாட்டி கை முட்டியால் பக்கவாட்டில் தட்டிக்கொண்டே வருவார், சத்தம் மாறும் இடத்தில் நிறுத்தி "இதுக்கு மேல காலி" என்பார். சித்திரையில் நிறைந்திருந்தாலும் ஐப்பசியில் கால்வாசி இருந்தாலும் அடுப்பில் உலை ஒரே மாதிரிதான் கொதிக்கும். சோற்றுப் பானையைப் பார்த்துக் குதிரின் நிலையைச் சொல்ல முடியாது.

ஹீமோகுளோபின் சோற்றுப் பானை, ஃபெரிட்டின் குதிர். இது புரிய எனக்கு அத்தனை நாளானது. உடம்பில் மொத்தமாக 3, 4 கிராம் இரும்புதான் இருக்கும், ஒரு சின்ன ஆணியின் எடை. அதில் மூன்றில் இரண்டு பங்கு சிவப்பணுக்களுக்குள் ஹீமோகுளோபினாக ஓடிக்கொண்டிருக்கிறது. மீதியில் பெரும்பகுதி கல்லீரலிலும் மண்ணீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் ஃபெரிட்டின் என்ற புரதக் கூட்டுக்குள் இருப்பாக வைக்கப்பட்டிருக்கிறது. அந்த ஃபெரிட்டினில் துளி ரத்தத்தில் கசிந்திருக்கும். அதை அளந்தால், வேறு நோய் எதுவும் இல்லாதவர்களுக்கு, இருப்பு எவ்வளவு என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். பாட்டி தட்டிப் பார்த்தது போலத்தான். ரத்தத்தில் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் ஃபெரிட்டின் என்றால் சுமார் 8 மில்லிகிராம் இருப்பு என்பது 1970-களிலிருந்து புழங்கும் கணக்கு. என் 7-ஐப் பெருக்கினால் 56 மில்லிகிராம். பெண்களுக்குச் சாதாரணமாக 300 மில்லிகிராமாவது இருக்கவேண்டிய இடம் அது. குதிர் காலியாகி, அடியில் ஒட்டியதைச் சுரண்டிச் சுரண்டி உலை வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இந்த நிலைக்கு வந்த உடம்பு என்ன செய்யும்? கிடைப்பதையெல்லாம் வாரி உள்ளே போட்டுக்கொள்ள வேண்டும் அல்லவா? அப்படித்தான் செய்கிறது. என் குழப்பமே அங்கிருந்துதான் தொடங்கியது. வாரிப் போட்டுக்கொள்ளத் தயாராக இருக்கும் உடம்புக்கு நான் தினம் இரண்டு கொடுத்தேன். ஏன் வாங்கவில்லை?

வெளியே போக வழி இல்லை

இரும்பு விஷயத்தில் உடம்பு கொஞ்சம் கருமி. சிவப்பணு 120 நாள் வாழ்ந்து கிழடானதும் மண்ணீரலில் இருக்கும் விழுங்கு செல்கள் அதைப் பிடித்து உடைத்து, இரும்பை மட்டும் எடுத்துத் திரும்ப மஜ்ஜைக்கு அனுப்பிவிடுகின்றன. இப்படிப் பழைய இரும்பே ஒரு நாளைக்கு 20, 25 மில்லிகிராம் சுழல்கிறது. (ரத்தம் ஊற ஆட்டுச் சுவரொட்டி வாங்கி வறுத்துக் கொடுப்பார்களே, அது ஆட்டின் மண்ணீரல்தான். இரும்பு பிரிக்கிற பட்டறையையே தின்கிறோம். நம் ஊர்க் கறிக்கடைக்காரருக்கு இந்தப் பாடம் எவ்வளவு காலமாகத் தெரியுமோ!) சாப்பாட்டிலிருந்து புதிதாக உள்ளே வருவது நாளைக்கு 1, 2 மில்லிகிராம் மட்டும். தோல், குடல் செல் உதிர்வதில் வெளியே போவதும் கிட்டத்தட்ட அவ்வளவே. பெண்களுக்கு மாதாமாதம் தனிக் கணக்கு.

உப்பு அதிகமானால் சிறுநீரில் போகிறது, சில வைட்டமின்களும் அப்படியே. இரும்புக்கு மட்டும் அப்படி வடிகால் கிடையாது. உள்ளே வந்தது வந்ததுதான். 1937-ல் இங்கிலாந்தில் மெக்கன்ஸ், விடோசன் என்ற இரண்டு பேர் இதை எடுத்துச் சொன்னார்கள்: இரும்பின் அளவை உடம்பு வெளியேற்றுவதில் கட்டுப்படுத்துவதில்லை, உறிஞ்சுவதில்தான் கட்டுப்படுத்துகிறது. வாசலில் நிறுத்தாவிட்டால் அப்புறம் நிறுத்த இடமே இல்லை. அதனால்தான் வாசலில் அவ்வளவு கெடுபிடி.

ஐந்து வருஷம் கழித்து, 1943-ல் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் ஹான், விப்பிள் குழுவினர் நாய்களுக்குக் கதிரியக்க இரும்பு கொடுத்துப் பார்த்ததைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்கு முதல் அடி விழுந்தது. (ஐந்தில்லை, ஆறு வருஷம். கணக்குப் பார்ப்பவள் என்று வேறு சொல்லிக்கொண்டேன்.) நல்ல நாய் ஒன்றின் ரத்தத்தை எடுத்து ஒரே நாளில் கடும் சோகையை உண்டாக்கினாலும் அது உடனே அதிகமாக இரும்பை உறிஞ்சவில்லை. புது ரத்தம் ஊறி, இருப்பு கரைந்து, ஏழு நாள் போனபிறகுதான் குடல் மும்முரமாக வாங்க ஆரம்பித்தது. அதாவது குடல் பானையைப் பார்த்து வாங்குவதில்லை, குதிரைப் பார்த்து வாங்குகிறது. (நெல் குதிரைத்தான் சொல்கிறேன், நாய்க்கு நடுவில் குதிரை வேறு வந்து குழப்பவேண்டாம்.) இன்னொன்றும் பார்த்தார்கள்: சோகை நாய்க்குச் சாதாரண இரும்பைக் கொடுத்துவிட்டுச் சில மணி நேரம் கழித்துக் கதிரியக்க இரும்பைக் கொடுத்தால், அந்த இரண்டாவது தவணை சரியாக உள்ளே போகவில்லை. குடல் சுவரே மறிக்கிறது என்றார்கள். எது மறிக்கிறது என்று ஓரளவு தெரிய இன்னும் அறுபது வருஷம் ஆகியது.

ரிப்போர்ட்டின் பின்பக்கம்

நான் அந்த இரண்டாவது டாக்டரிடம் போனது ஒரு சனிக்கிழமை சாயங்காலம். கூட்டம் இல்லை. ஐம்பது தாண்டியவர், மூக்கு நுனியில் கண்ணாடி. ரிப்போர்ட்டை வாங்கியவர் ஹீமோகுளோபினைத் தாண்டி நேராக ஃபெரிட்டினில் விரலை வைத்தார்.

"மாத்திரை எப்படிச் சாப்பிடுறீங்க?"

"காலைல ஒன்னு, ராத்திரி ஒன்னு, சாப்பாட்டுக்கு அப்புறம்."

"டீ?"

"போட்ட உடனே குடிச்சிருவேன் டாக்டர். வாய்க் கசப்பு போகணும்ல."

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "பீரியட்ஸ் எத்தனை நாள்?"

"ஏழு, எட்டு நாள்."

"கட்டி கட்டியாப் போகுதா? ராத்திரி எழுந்து மாத்த வேண்டியிருக்கா?"

ஆமாம் என்றேன். இதை இதுவரை யாரும் கேட்டதில்லை, நானும் யாரிடமும் சொன்னதில்லை. எல்லாருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன், அம்மாவுக்கும் அப்படித்தான் இருந்தது. அவர் ஒரு சின்னக் கணக்குப் போட்டார். 1 மில்லி ரத்தத்தில் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு. மாதம் 80 மில்லிக்கு மேல் போனால் அது அதிகப்போக்கு, அதாவது 40 மில்லிகிராம். முப்பது நாளுக்குப் பங்கிட்டால் நாளைக்கு 1.3. மற்றவர்களுக்குப் போகும் 1-உம் சேர்ந்தால், இருந்த இடத்தில் நிற்பதற்கே தினம் 2 மில்லிகிராமுக்கு மேல் உள்ளே வரவேண்டும். "நீங்க ஓட்டைப் பானையில தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கீங்க, அதுவும் பானை வாயை மூடிக்கிட்டு" என்றார். கோபம் வந்தது, ஆனால் ஓட்டைப் பானை புரிந்தது. வாயை மூடுவதுதான் புரியவில்லை.

ரிப்போர்ட்டைத் திருப்பிப் போட்டு ஒரு கட்டம் வரைந்தார். "இது குடல்ல இருக்கிற ஒரு செல். இதுக்கு ரெண்டு வாசல். குடல் பக்கம் ஒன்னு, ரத்தத்துப் பக்கம் ஒன்னு. முன்வாசல்ல இரும்பு உள்ள வந்துரும். கொல்லைவாசல் திறந்தாத்தான் ரத்தத்துக்குப் போகும். அந்தக் கொல்லைவாசலுக்குப் பேரு ஃபெரோபோர்ட்டின். அதை மூடுற ஆள் கல்லீரல்ல இருக்கு, ஹெப்சிடின்னு ஒரு ஹார்மோன். இருப்பு நிறைய இருந்தா கல்லீரல் ஹெப்சிடினை நிறைய விடும், வாசல் மூடிக்கும். இருப்பு இல்லேன்னா ஹெப்சிடின் இறங்கிரும், வாசல் திறந்துக்கும். உங்களுக்குத் திறந்துதான் இருந்துச்சு."

"அப்புறம் ஏன் டாக்டர் ஏறல?"

"ஒரே நேரத்துல இவ்வளவு இரும்பு உள்ள வந்தா, இருப்பு இருக்கோ இல்லையோ, கல்லீரல் பயந்துக்கிட்டு ஹெப்சிடினை ஏத்தும். அது இறங்க ஒரு நாளுக்கு மேல ஆகும். உங்க காலை மாத்திரை, ராத்திரி மாத்திரைக்குக் கதவைச் சாத்திருச்சு. ராத்திரி மாத்திரை, மறுநாள் காலை மாத்திரைக்குச் சாத்திருச்சு."

"அப்ப நான் சாப்பிட்டதெல்லாம் எங்கதான் போச்சு?"

"நீங்கதான் தினம் பார்த்தீங்களே, கறுப்பா."

சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது கண் கலங்கியது, எதற்கென்று இன்றுவரை சரியாகச் சொல்ல முடியவில்லை. வீணாகப் போன மூன்று மாதத்துக்கா, பதிமூன்று வயதிலிருந்து யாரும் கேட்காத அந்தக் கேள்விக்கா. கட்டம் வரைந்த அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. கொல்லைவாசலில் ஒரு பூட்டு வரைந்திருக்கிறார், ஆட்டுத்தலை மாதிரி இருக்கிறது.

கதவுக்குப் பெயர் வைத்த கதை

அன்று ராத்திரியே தேட ஆரம்பித்தேன். ஹெப்சிடின் 2000, 2001-ல் கண்டுபிடிக்கப்பட்டது. என் அண்ணன் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்த வருஷம். அதற்கு முன்பு படித்து முடித்த எந்த டாக்டரும் கல்லூரியில் இதைப் படித்திருக்க வாய்ப்பில்லை என்று நினைத்தபோது முதல் டாக்டர்மேல் இருந்த கோபம் கொஞ்சம் குறைந்தது. (கொஞ்சம்தான். டீ குடிப்பீர்களா என்று கேட்க 2001 வரை காத்திருக்க வேண்டியதில்லை.) கிருமி கொல்லும் பொருளாக மனிதச் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்தார்கள், கல்லீரலில் சுரப்பதால் அந்தப் பெயர். அதே சமயம் பாரிஸில் ஒரு குழு வேறு ஏதோ மரபணுவை எலியில் நீக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. எலிகளின் கல்லீரலில் இரும்பு குவிய ஆரம்பித்தது. ஏன் என்று தோண்டிப்பார்த்தால் பக்கத்திலிருந்த ஹெப்சிடினும் சேர்ந்து வேலை நிறுத்தியிருந்தது. ஒன்றைத் தேடிப்போய் இன்னொன்று அகப்பட்ட கதை. அது ஃபெரோபோர்ட்டினைப் பிடித்துச் சிதைக்கிறது என்பது 2004-ல் தெளிவானது. ராச்செஸ்டர் நாய்களின் குடலில் மறித்து நின்றதில் இந்த ஆசாமிக்கும் பங்கு இருந்திருக்கலாம். கொல்லைவாசல் மூடியிருக்கும்போது செல்லுக்குள் வந்த இரும்பு அங்கேயே உட்கார்ந்திருக்கும். குடல் செல்லின் ஆயுள் சில நாள்கள், உதிரும்போது இரும்பும் சேர்ந்து கழிவில் போய்விடும்.

என் டாக்டர் சொன்னதற்கான நேரடி ஆதாரம் சூரிச்சிலிருந்து வந்தது. அங்கே இருப்பு குறைந்த இளம்பெண்களுக்கு இரும்பைக் கொடுத்து அளந்தார்கள். 2015-ல் வந்த முடிவு: டோஸை 40-லிருந்து 240 மில்லிகிராமாக ஆறு மடங்கு ஏற்றினால் உள்ளே போவது மூன்று மடங்குகூட ஏறவில்லை. 2017-ல் இன்னொன்று. 40 பெண்கள், ஆளுக்கு 14 டோஸ், ஒவ்வொன்றும் 60 மில்லிகிராம். பாதிப் பேர் தினமும், பாதிப் பேர் ஒருநாள் விட்டு ஒருநாள். தினம் சாப்பிட்டவர்களுக்கு மொத்தம் உள்ளே போனது சுமார் 131 மில்லிகிராம், விட்டுவிட்டுச் சாப்பிட்டவர்களுக்கு 175. அதே 14 மாத்திரை, அதே விலை.

இதைப் படித்ததும் வீட்டில் எல்லாரையும் உட்காரவைத்து ஒரு பிரசங்கம் செய்தேன். அம்மா கடைசிவரை கேட்டுவிட்டு, "குறைச்சுத் தின்னாக் கூடச் சேருமா? இது என்னடி அதிசயம்" என்று எழுந்து போய்விட்டார்.

ஒரே சாம்பார், இரண்டு வயிறு

என் வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு போய் ஃபெரிட்டின் பார்க்கவைத்தேன், வெறும் ஆர்வம்தான். 128. அதாவது ஒரு கிராம் இருப்பு. பதினாறு வருஷமாக ஒரே அடுப்பு, ஒரே சாம்பார், ஒரே முருங்கைக்கீரைப் பொரியல். அவர் கீரையைத் தட்டு ஓரத்தில் ஒதுக்குகிற ஆள் வேறு. அவருக்கு 128, எனக்கு 13. சாப்பாட்டில் வித்தியாசம் இல்லை, வெளியே போவதில்தான் வித்தியாசம். ஆண்களுக்கு மாதாமாதம் வடிவதில்லை.

ஆனால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்த ஒரே கீரையிலிருந்து நான் இழுத்துக்கொள்வது அவர் இழுப்பதைவிடப் பல மடங்கு. தாவர உணவில் இருக்கும் இரும்பை உறிஞ்சுவது ஃபெரிட்டினுக்குத் தலைகீழாக நடக்கிறது. ஆய்வாளர்கள் ஆளுக்கு ஆள் ஒப்பிடும்போது எல்லாரையும் ஃபெரிட்டின் 40 என்ற ஒரே நிலைக்குக் கொண்டுவந்துதான் பேசுகிறார்கள். ஃபெரிட்டின் 20 இருப்பவர் 40 இருப்பவரைவிட இரண்டு மடங்கு எடுப்பார் என்று வைத்து அந்தக் கணக்கைப் போடுகிறார்கள். "இந்தக் காயில் இவ்வளவு இரும்பு, இத்தனை சதவீதம் உடம்பில் ஒட்டும்" என்று பத்திரிகைகளில் அட்டவணை போடுவார்களே, அதில் யாருடைய உடம்பில் என்று கேட்கவேண்டும். ஒட்டுவது காயில் மட்டும் இல்லை, தின்பவரின் குதிரிலும் இருக்கிறது. மாமிசத்தில் இருக்கும் ஹீம் இரும்பு கொஞ்சம் வேறு ஜாதி. அது 15-லிருந்து 35 சதவீதம் வரை உள்ளே போய்விடும், இருப்பைப் பார்த்து அவ்வளவு கூடிக் குறைவதில்லை.

இங்கேதான் எனக்கு அடுத்த சந்தேகம் முளைத்தது, இதுதான் ரொம்ப நாள் அரித்தது. காலியானால் கதவு தானாகத் திறக்கிறது என்றால் சோகையே இருக்கக்கூடாதே. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 15-லிருந்து 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, தமிழ்நாட்டில் 53.4. இத்தனை பேரின் உடம்பும் கதவைத் திறக்க மறந்துவிட்டதா?

யோசித்துப் பார்த்தால் பதில் என் தட்டிலேயே இருந்தது. கதவு திறந்தே இருக்கிறது, வாசலுக்கு வருகிற இரும்புதான் குறைவு. அரிசி, பருப்பு, கீரை என்று நாம் தின்பதில் இரும்பு இருக்கிறது, ஆனால் தாவரங்களிலேயே இருக்கும் பைட்டேட், டானின் என்ற பொருள்கள் அதைக் குடல் குழாய்க்குள்ளேயே கட்டிப்போட்டுவிடுகின்றன. ஹெப்சிடின் கொல்லைவாசலை எவ்வளவு அகலமாகத் திறந்துவைத்தாலும், முன்வாசலுக்கே வராத இரும்பை என்ன செய்யும்? சாப்பாட்டோடு குடிக்கும் டீ இரும்பு உறிஞ்சுவதைக் குறைக்கிறது என்று 1975-லேயே தென்னாப்பிரிக்காவில் அளந்து எழுதிவிட்டார்கள். நாம் இன்னும் மதியச் சாப்பாடு முடிந்த கையோடு டீக்கடையில் நிற்கிறோம். ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) 2020-ல் ஆணுக்கு நாளைக்கு 19 மில்லிகிராமும் பெண்ணுக்கு 29-உம் சிபாரிசு செய்ததும் இதனால்தான், நம் சாப்பாட்டில் கொஞ்சம்தான் தேறும் என்று தெரிந்து. 29 மில்லிகிராமை அரிசிச் சோற்றில் எட்டிப்பிடிப்பது லேசு இல்லை. எல்லாச் சோகையும் இரும்பால் வருவதும் இல்லை. பி12 குறைவு, தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் கூறு, நாள்பட்ட நோய் என்று பல உண்டு.

நாள்பட்ட நோய் என்பது தனி வம்பு. உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் குதிர் காலியாக இருந்தாலும் ஹெப்சிடின் ஏறிக் கதவைச் சாத்திவிடும். கிருமிக்கும் இரும்பு வேண்டும், அதற்குக் கிடைக்காமல் ஒளித்துவைக்கிற தந்திரம் இது. காய்ச்சலில் ஃபெரிட்டினும் தானாக ஏறிக்கொள்ளும், அதனால் அந்த நேரத்தில் தட்டிப் பார்த்தால் காலிக் குதிரும் நிறைந்த சத்தம் கொடுக்கும். கதவு கெட்டுப்போய்த் திறந்தே கிடக்கிறவர்களும் இருக்கிறார்கள். வட ஐரோப்பிய வம்சாவளியில் அதிகம் காணும் ஹீமோகுரோமட்டோசிஸ் என்ற பரம்பரை நோயில் கல்லீரலிலும் இதயத்திலும் இரும்பு குவிந்துகொண்டே போகும். அதற்கு வைத்தியம் அவ்வப்போது ரத்தத்தை எடுத்துக் கொட்டுவது! தலசீமியாவிலும் இருப்பு வழிந்தாலும் குடல் வாங்கிக்கொண்டே இருக்கும். எங்கள் தெருவில் ஒருவர் எந்தச் சோதனையும் இல்லாமல் இரண்டு வருஷமாக 'தெம்புக்கு' என்று இரும்பு டானிக் குடிக்கிறார். அறுபது வயது ஆண். அவரைப் பார்க்கும்போதெல்லாம் வாய் துறுதுறுக்கும். ஒருநாள் சொன்னேன், "உனக்கென்னம்மா தெரியும்" என்றுவிட்டார்.

பிரசங்கத்துக்குப் பிறகு

சரி, என் கணக்குக்கு வருகிறேன். ஒருநாள் விட்டு ஒருநாள், காலையில் வெறும் வயிற்றில், அரை எலுமிச்சம்பழம் பிழிந்த தண்ணீரோடு ஒன்று. டீ ஒரு மணி நேரம் கழித்து. ஸ்கேனில் கர்ப்பப்பையில் சின்ன நார்க்கட்டி தெரிந்தது, ரத்தப்போக்கைக் குறைக்கத் தனி மாத்திரை கொடுத்தார்கள். ஐந்தாவது மாதம் ஃபெரிட்டின் 34, ஹீமோகுளோபின் 12.8. பச்சரிசி ஆசை இரண்டாவது வாரத்திலேயே போய்விட்டது. எப்போது போனது என்றே கவனிக்கவில்லை, ஒருநாள் டப்பாவில் அரிசி அளந்து போடும்போதுதான் கை சும்மா இருப்பதைப் பார்த்தேன்.

ஆனால் இதை வைத்துக்கொண்டு 'ஒருநாள் விட்டு ஒருநாள்' கட்சிக்கு நான் கொடி பிடிக்க முடியாது. ஒரே நேரத்தில் நாலு விஷயத்தை மாற்றியிருக்கிறேன்: நாள், டீ, எலுமிச்சை, ரத்தப்போக்கு. எதனால் ஏறியது என்று எப்படிச் சொல்வேன்? ஓட்டையை அடைத்ததுதான் பெரிய காரணம் என்று எனக்குள் ஒரு குரல் சொல்கிறது. போதாக்குறைக்கு அதே சூரிச் குழு 2023-ல் இன்னும் பெரிய சோதனை செய்தது. 150 பெண்கள், தினம் ஒன்று என்று 90 நாள், அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் 180 நாள், மொத்த மாத்திரை சமம். முடிவில் ஃபெரிட்டின் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். விட்டுவிட்டுச் சாப்பிட்டவர்களுக்கு வயிற்றுத் தொந்தரவு குறைவு, அது நிஜமான லாபம். ஆனால் நான் வீட்டில் செய்த பிரசங்கத்தின் சூடு கொஞ்சம் ஆறிப்போனது. கர்ப்பிணிகளுக்கும் ரத்தம் ரொம்பக் குறைந்தவர்களுக்கும் கணக்கே வேறு, அங்கே டாக்டர் தினம் என்றால் தினம்தான்.

எனக்கு வயிறு கல்லாகவில்லை, அதனால் மாத்திரையை நிறுத்தாமல் சாப்பிட்டேன். முன்பு இரண்டு எழுதிக் கொடுத்தபோது வாரத்தில் இரண்டு மூன்று நாள் 'மறந்துபோய்' விட்டிருக்கிறேன், அதை எந்த டாக்டரிடமும் சொன்னதில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

மறக்காமலிருக்க அடுப்படிக் காலண்டரில் வட்டம் போட்டுவைத்தேன். ஒற்றைப்படைத் தேதி என்றால் மாத்திரை, இரட்டைப்படை என்றால் இல்லை, சுலபம். மே முழுக்க நன்றாகப் போனது. 31-ம் தேதி ஒற்றைப்படை, போட்டேன். மறுநாள் ஜூன் 1, அதுவும் ஒற்றைப்படை, தூக்கக் கலக்கத்தில் அதையும் போட்டுவிட்டேன். சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்தபோது அம்மா காலண்டரைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு நாள் சேர்ந்தாப்புல வட்டம் போட்டிருக்கியே" என்றார், முகமெல்லாம் சிரிப்பு. "அப்பாடா, இப்பவாவது புத்தி வந்துச்சே. இப்படித் தினம் போட்டாத்தானடி ரத்தம் ஊறும்?"